முன்னேற்றம் இல்லை

பொழுது புலர்வதற்குள் ஆயா மூன்று ரப்பர் விரிப்புகளைத் தேய்த்துக் கழுவிவிட்டாள். லோஷன் தண்ணீரில் ஊறி விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அதற்குள் பிரசவ வார்டின் இரண்டாம் கட்டிலில் முனகல் எழுந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடினாள்.

"அக்கா, இடுப்பு கழண்டு விழுந்துடும்போல இருக்கு."

"விழுந்தா எடுத்து மாட்டி விடறேன். எழுந்திரு, நடப்போம்."

தலைச்சன் பிரசவம். தன் தோளில் முழு பாரத்தையும் சாய்த்தவளை ஆயா தாழ்வாரத்தில் நடத்தினாள். நர்ஸ் வந்து வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டாள்.

"துடிப்பு நல்லா இருக்கு. கர்ப்பவாயும் திறந்துகிட்டு வருது. நேரமாகும், அவ்வளவுதான்."

அந்த நேரம்தான் ஆஸ்பத்திரி முதலாளியிடம் இல்லை.

"யார் இவளை நடக்க விட்டது? படுக்க வெச்சு டிரிப் போடச் சொல்லியிருக்கேனே!" பூட்ஸ் சத்தத்தோடு வந்து நின்றார். "டாக்டருக்கு ஒன்பது மணிக்கு வேற ஆஸ்பத்திரி. அதுக்குள்ள ஆபரேஷன் தியேட்டருக்கு ஏத்தணும். எழுதுங்க சிஸ்டர்."

என்ன எழுத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. 'முன்னேற்றம் இல்லை.' நர்ஸ் கையால் அந்த இரண்டு சொல் விழுந்தால்தான் தியேட்டர் கதவு திறக்கும். போன வாரம் நல்லபடி முன்னேறிக்கொண்டிருந்த ஒருத்திக்கும் நர்ஸ் அப்படி எழுதிக் கொடுத்திருந்தாள். "என்னால முடியாமப் போச்சா சிஸ்டர்?" என்று தையல் வலியோடு அந்தப் பெண் கேட்ட கேள்வி இன்னும் நர்ஸின் நெஞ்சில் முள்ளாக இருந்தது.

"முன்னேற்றம் இருக்கு சார்," என்றாள் நர்ஸ்.

"வலி எடுத்து ஏழு மணி நேரமாச்சு!"

"வயித்துல இருக்கறதுக்கு மணி பாக்கத் தெரியாதே சார்," என்றாள் ஆயா.

"தரை துடைக்கறவ தரையைப் பாரு! இன்னையோட உனக்கு இங்க வேலை இல்லை."

ஆயாவின் வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஆனாலும் தோளில் சாய்ந்தவளைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

"போன மாசம் ஒரு குழந்தைக்குத் துடிப்பு இறங்கினப்போ டிராலியைத் தள்ளிகிட்டு ஓடினது இந்த அக்காதான்," என்றாள் நர்ஸ். "கத்தி வேணும்னா நாங்களே கத்திக் கூப்பிடுவோம். வேண்டாத இடத்துல எழுத மாட்டேன்."

"நீ எழுதலேன்னா அடுத்த ஷிப்ட் எழுதுவா."

அடுத்த ஷிப்ட் நர்ஸ் தோள்பையோடு வாசலில் நின்றிருந்தாள். பின்னால் தியேட்டர் ஆயாவும் துணி துவைக்கிறவளும். அந்த நர்ஸ் நேரே வந்து வலியெடுத்தவளின் வயிற்றில் கை வைத்தாள். ஒரு வலி ஏறி இறங்கும்வரை பிடித்துப் பார்த்தாள்.

"நானும் எழுத மாட்டேன் சார். அக்காவை நிறுத்தினா எல்லாரும் நிப்போம். வாசல்ல இல்லை, இந்தப் பொண்ணுங்க பக்கத்துல. வேலை நடக்கும்; பொய் நடக்காது."

"டாக்டர் வரட்டும், பாத்துக்கறேன்!" முதலாளி போனை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

என்ன ஆகுமோ யாருக்கும் தெரியாது. முதல் நர்ஸ் கேஸ் தாளை விரித்து எழுதினாள்: 'துடிப்பு நன்று. நடக்கிறாள்.' கீழே கையெழுத்திட்டாள். அடுத்த ஷிப்ட் நர்ஸும் இட்டாள். கடைசியாக, சுருங்கிய விரல்களில் பேனாவை வாங்கி ஆயாவும் எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் போட்டாள்.

"அக்கா, அடுத்த வலி வருது..."

"வரட்டும்டி. இத்தனை தோள் இருக்கே, பிடிச்சுக்கோ."