பெட்டிக்குள் போன ஒப்பாரி

துரை வழக்குக்கு வரவில்லை. தனக்குப் பதிலாக ஒரு பெட்டியை அனுப்பியிருந்தார்.

அறுபத்து மூன்றில் சீமைக்கு லீவில் போனவர் கொண்டுவந்த பெட்டி அது. பேட்டரியில் ஓடும். பேசினால் பேச்சைப் பிடித்து வைத்துக்கொண்டு அப்படியே திருப்பிச் சொல்லும். உடப்புசல்லாவைப் பக்கம் அப்படியொன்றை யாரும் கண்டதில்லை. அதைச் சுமக்கும் பாக்கியம் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் முத்துலிங்கத்துக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து அவர் நடையே மாறிப்போனது. சாமி தூக்குகிறவர்கள்கூட அவ்வளவு நிமிர்ந்து நடப்பதில்லை.

இப்போது அது நுவரெலியாவில், தொழில் நீதிமன்றின் மேசைமேல் உட்கார்ந்திருந்தது. எதிரே கொழுந்து பறிக்கும் வீரம்மா. துரையை ஏசினாள் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்தியாகிவிட்டது. வழக்குத் தோற்றால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும்.

ஏசியது உண்மைதான். புருஷன் சோலைமலை செத்த வீட்டில், ஒப்பாரியில் ஏசினாள். நெஞ்சுவலியில் துடித்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டார்கள். கொழுந்து ஏற்றணும் என்று துரை மறுத்துவிட்டார். பிறகு ஒப்பாரியில் வேறென்ன வரும்? ஒப்பாரியில் சாமியை ஏசலாம், மாமியாரை ஏசலாம், கங்காணியையும் ஏசலாம். மறுநாள் அதைப்பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். மலை முழுக்க எழுதாத சட்டம் அது. கிளாக்கர் ஐயா மட்டும் துக்கம் கேட்க வந்தவர்போல வந்து, கம்பளிக்குள் பெட்டியை மறைத்துக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் குந்தியிருந்தார்.

துரை தரப்புக்குக் கொழும்பிலிருந்து வந்த அட்வகேட் எழுந்தார். "ஒருவர் பேச்சை யந்திரம் பிடிக்கக்கூடாது என்று இந்த நாட்டில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்தரங்க உரிமை என்று ஒன்றை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை."

அவர் பார்க்காத புத்தகம் இருக்க முடியாது என்பதுபோல் தொனி.

வீரம்மாவுக்காக வந்த யூனியன்காரர் செல்லசாமி, மனித சுதந்திரம் ஆதிகாலத்தில் தோன்றியதிலிருந்து ஆரம்பித்தார். நீதிமன்றத் தலைவர் கையமர்த்தினார். அவர் சிங்களவர், பொறுமைசாலி. ஆனாலும் ஆதிகாலத்திலிருந்து கேட்கிற அளவுக்கு இல்லை.

"முதலில் பெட்டி பேசட்டும்."

கிளாக்கர் விசையை அழுத்தினார்.

வீரம்மாவின் வாய் மூடியிருந்தது. வீரம்மாவின் குரல் எழும்பியது.

"கொழுந்தேத்த லொறி போச்சே, என் ராசா
ஒன்ன ஏத்த லொறி இல்லியே..."

என்றைக்கோ முடிந்துபோன ஒரு சாவு திரும்பிவந்து நடுவில் படுத்துக்கொண்டதுபோல் இருந்தது. பெட்டிக்குள் பறை அதிர்ந்தது. கொட்டிய மழைகூட அதற்குள் இருந்தது. வெளியே நல்ல வெயில்.

துணைக்கு வந்த பக்கத்துக் காம்பரா ராக்காயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒப்பாரி எழும்பினால் உட்கார்ந்து கேட்கிற வழக்கம் எந்த லயத்தில் இருக்கிறது? ஓடிப்போய் வீரம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பெட்டியின் ஒப்பாரிக்குப் பதில் ஒப்பாரி வைத்தாள். வாசலில் நின்ற பியோன் தலைப்பாகையைக் கழற்றினான். செல்லசாமியின் பேச்சுக் காகிதம் கீழே விழுந்தது. அதை எடுக்க அவருக்கே மனமில்லை.

தலைவர் மெதுவாக மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார். "என்ன சொல்கிறாள்?"

"ஐயா, ஒப்பாரியில் சொல்வது யாரிடமும் சொல்வதல்ல. எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியவில்லை."

அட்வகேட் வாயைத் திறப்பதற்குள் அழுகை தேய்ந்து, செருப்புச் சத்தம் கேட்டது. அன்று பெட்டியை நிறுத்த மறந்து, சுமந்துகொண்டே சாவு வீட்டிலிருந்து இறங்கியிருக்கிறார் கிளாக்கர். இப்போது அவர் குரல், யாரிடமோ தாழ்வாக:

"லொறி குடுத்திருந்தா அந்த மனுசன் பொழைச்சிருப்பான்ப்பா. நம்ம தொரைக்கு நெஞ்சு எங்க இருக்கு, வெறும் தொப்பிதான்..."

கிளாக்கர் பாய்ந்து பெட்டியை நிறுத்தினார். சாமி தூக்கிய நடை எங்கே போனதோ!

"அது... நான் தனியா பேசுனதுங்க! என் சொந்தப் பேச்சு!"

ராக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இவ என்னா மேடை போட்டா பேசுனா, கிளாக்கரய்யா?" என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் இதை மட்டும் தடங்கலில்லாமல் மொழிபெயர்த்தார். அட்வகேட் அவசரமாக எழுந்தார். கடைசியில் வருவது ஓர் ஊழியரின் அந்தரங்கமான பேச்சு, அதைச் சாட்சியாக எடுக்கலாகாது என்றார்.

"அந்த உரிமையைச் சற்றுமுன்தான் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றீர்கள்," என்றார் தலைவர். "எடுத்தால் முழுவதும் எடுப்பேன்."

அட்வகேட் பெட்டியை வாபஸ் வாங்கிக்கொண்டார். வேறு சாட்சி இல்லை. வேலையும் காம்பராவும் வீரம்மாவுக்கே என்று தீர்ப்பானது.

அவள் எழுந்து போகவில்லை.

"சாமி, என் அழுக இன்னும் அதுக்குள்ளதான கெடக்கு? பங்களாவுல விருந்தாளிக்குப் போட்டுக் காட்டுவாங்க. எடுத்துருங்க."

தலைவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பெட்டிக்குள் சுழலும் நாடா துரையுடையது. அழுகை அவளுடையது. இரண்டும் ஒட்டிக்கொண்டால் யாருடையது என்று அதில் இல்லை. புத்தகத்தை மூடினார்.

"நானே அழிக்கிறேனுங்க!" சட்டத்தில் கிடைக்காத வழி கிளாக்கரின் பயத்தில் கிடைத்தது; அவர் பேச்சும் அதே நாடாவில்தானே. "மறுபடி ஓடவிட்டுப் புதுசாப் புடிச்சா பழசு போயிரும். ஆனா யாரும் பேசக்கூடாது."

பெட்டி சுழன்றது. அட்வகேட்கூட வாயை மூடிக்கொண்டார், இனாமாக. தலைவர் ஏனோ எழுந்து நின்றார், எல்லோரும் எழுந்தார்கள். சோலைமலைக்குத் தோட்டத்தில் கிடைக்காத மரியாதை அது. நாடா முடியும்வரை அறையில் ஓர் அசைவில்லை.

வெளியே வந்ததும் ராக்காயி குசுகுசுத்தாள். "ஏன்டி, நாம சும்மா நின்னதயும் அது புடிச்சிருக்குமா?"

வீரம்மா திரும்பிப் பார்த்தாள். "புடிச்சிருக்கட்டும்க்கா. அத மட்டும் தொரை கேக்கட்டும்."