முதல் நாள் கற்ற வாக்கியம்

ஆறு மாதம் சீன மொழி வகுப்புக்குப் போனதில் எனக்குக் கிடைத்தது ஒரு பட்டப்பெயர்தான். பிஸ்கட் தொழிற்சாலையில் எல்லாரும் என்னை 'வாத்தியார்' என்று கூப்பிட்டார்கள். வெட்கங்கெட்ட மனசுக்கு அது இனித்தது.

புது பாக்கிங் மெஷினைப் பொருத்த வந்திருந்த சீன என்ஜினியர், மூன்று வாரமாக என்னிடம்தான் பேசினார். எனக்குப் பாதி புரியும். மீதிக்குத் தலையாட்டிவிட்டு, "நல்லது, நல்லது" என்று சீனத்தில் சொல்லிவைப்பேன்.

நேற்று காலை அவர் போனில் யாருடனோ பேசிவிட்டு, கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். நேராக என்னிடம் வந்து மெதுவாக ஏதோ சொன்னார். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. சுற்றிலும் பத்துப் பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தட்டி, "ரொம்ப நல்லது" என்றேன், சீனத்தில்.

அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"என்ன வாத்தியாரே சொன்னாரு?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"மெஷின் நல்லா ஓடுதாம் சார்."

மதியம் மேனேஜர் வந்தார். "என்னய்யா, அவரோட அப்பா இறந்துட்டாராம். ஊருக்குக் கிளம்பிட்டாரு. உங்கிட்ட சொல்லிட்டுத்தான் போறேன்னு எனக்கு மெயில்ல எழுதியிருக்காரு. நீ யார்கிட்டயும் சொல்லலையா?"

சூப்பர்வைசர் என்னைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்தார்.

வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த வாக்கியம், 'எனக்குப் புரியவில்லை' என்பது. அதைச் சுத்தமாகச் சொல்கிறேன் என்று டீச்சர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டியிருக்கிறார்.