ஓட இடமில்லாத ராட்டினம்

ஆட்களை விட்டு ஓடுவது செங்கொடிக்குக் கைவந்த கலை. யாராவது கொஞ்சம் பாசமாகப் பேசினால் போதும், 'இவங்க எதுக்கு இப்படிப் பேசறாங்க' என்று ஒரு வாரம் குழம்புவாள். பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டமாட்டாள். அம்மா வெளியூருக்கு வீட்டு வேலைக்குப் போய்விட, வியாசர்பாடியில் சித்தி வீடு, புளியந்தோப்பில் அத்தை வீடு என்று பந்தாடப்பட்டு வளர்ந்தவள். யாரும் நிலைக்கமாட்டார்கள் என்பது அவள் முடிவு.

ராயபுரத்தில் இறால் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். திரும்பினால் ஆள் இல்லை. பஸ்ஸில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்தே சிரிப்பதாகப் பட்டது. நல்லவேளை, பயந்துபோய்த் தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் ரெஜினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "இது இன்னும் நோய் இல்லம்மா. நோயா மாறலாம், மாறாமலும் போகலாம். அதுக்குத்தான் மாசாமாசம் வரச் சொல்றேன். பயம் வந்தா யார்கிட்ட ஓடுவே?"

"யார்கிட்டயும் ஓட மாட்டேன் மேடம். கூட இருக்கறவங்கள வுட்டுத்தான் ஓடுவேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். "சின்னதுலேர்ந்தே அப்படிப் பழகிட்டே. ஆனா இதையெல்லாம் தனியா தாங்காதே. நிஜமா, இல்லையான்னு கேக்க ஒரு ஆள் வேணும்."

ஆள் இருந்தான். விம்கோ நகரில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்த சித்தார்த். பல தடவை அவள் காணாமல் போய்த் திரும்பியபோதும், "டீ சாப்புடறியா?" என்று மட்டும் கேட்டவன். ஆனால் அவனிடம் இதை எப்படிச் சொல்வது?

மாசித் திருவிழாவுக்குத் திருவொற்றியூரில் பெரிய ராட்டினம் போட்டிருந்தார்கள். செங்கொடி ஆசைப்பட்டாள் என்று சித்தார்த்தும் ஏறினான். அவன் அம்மா பச்சையம்மா கீழேயே நின்றுகொண்டாள். கூண்டு மேலே போகப்போக துறைமுகத்துக் கிரேன், எண்ணூர்ப் புகைபோக்கி, சாயங்காலக் கடல் எல்லாம் சுற்ற ஆரம்பித்தன. செங்கொடிக்குத் தலைகால் புரியவில்லை. "ஹோ!" என்று கத்தினாள். பக்கத்தில் சித்தார்த் கண்ணை இறுக்க மூடியிருந்தான்.

உச்சியில் கரண்ட் போய்விட்டது. ராட்டினம் நின்றது.

"பயமாக்கீதா ஒனக்கு? அப்ப இன்னாத்துக்கு ஏறுன?"

"நீ கூப்ட்டியே."

அப்போதுதான் கேட்டது. "செங்கொடீ!"

ஓடப் பார்த்தாள். எங்கே ஓடுவது? சுற்றிலும் வானம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தனின் சட்டையைப் பிடித்தாள். "சித்து, இப்ப யாராச்சும் என்னைக் கூப்ட்டாங்களா? நெசமா சொல்லு." பிறகு குரல், பஸ், டாக்டர் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள்.

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "கூப்ட்டாங்களே. கீய பாரு, எங்கம்மா."

கீழே பச்சையம்மா வாயருகே கையைக் குவித்துக் கத்திக்கொண்டிருந்தாள். "அடியே செங்கொடீ! அவனுக்கு ஒசரம் ஆவாதுடீ! வாந்தி எடுத்துருவான், மூஞ்சியத் திருப்பிக்கோ!"

கூட்டமே சிரித்தது. இந்தத் தடவை நிஜமாகவே அவர்களைப் பார்த்துத்தான். செங்கொடியும் விழுந்து விழுந்து சிரித்தாள். கூண்டு ஆட, சித்தார்த் அலறினான்.

சிரிப்பு அடங்கியதும் மெதுவாக இன்னொரு குரல், காதோரமாக.

"சித்து, இப்ப கேட்டுச்சா?" என்றாள்.

அவன் கூர்ந்து கேட்டான். "இல்ல, இது எனக்குக் கேக்கல."

"சரி," என்றாள். அவன் சொன்னதை அப்படியே நம்பினாள். நம்பியதில் அவளுக்கே ஆச்சரியம், உடம்பு பஞ்சாக லேசாகிவிட்டது.

அடுத்த மாதத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இருவராகப் போனார்கள். குரல் மெல்ல மெல்லக் குறைந்தது. ஓட்டம்தான் சட்டென்று நிற்கவில்லை. பச்சையம்மா கல்யாணப் பேச்சை எடுத்த அன்று, கிடைத்த பஸ்ஸில் ஏறி முகத்துவாரக்குப்பம் வரை ஓடிவிட்டாள். அங்கே ஒரு டெலிபோன் பூத் கண்ணில் பட்டது. நேரே உள்ளே போய்க் கடைக்குப் போன் போட்டாள்.

"சித்து, நான் ஓடியாந்துட்டேன்."

"எங்க கீற?"

"முகத்துவாரக்குப்பம். சீக்கிரம் வந்து கூட்டிகினு போ, பசிக்குது."

"அங்கியே நில்லு. எங்கம்மா வேற நானும் வரேன்னு என் வண்டில ஏறி குந்திக்கிச்சு."