கொம்பை நிமிர்த்திய படம்

பென்சிலால் ஆடு, மாடு, கோழி வரைவதில் அந்த வட்டாரத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது. நான் வரைந்த சோளக்கதிரைக் கொத்தப் போய் இரண்டு கோழிகளுக்கு அலகு வளைந்தது. சந்தேகம் இருந்தால் கோழிகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

என்னிடம் ஒரே கோளாறு, கோணலை நிமிர்த்தி வரைந்துவிடுவேன். அக்காவின் பசுவுக்கு இடது கொம்பு கண்ணை மறைத்துத் தொங்கும். மாட்டுப் பதிவேட்டுக்குப் படம் கேட்டபோது, இரண்டு கொம்பையும் கல்யாணப் பெண் புருவம் மாதிரி தீட்டிக் கொடுத்தேன்.

அந்தப் பசு கன்றோடு தெருவில் திரிந்து, தெருமாடுகளை அடைக்கும் பட்டியில் மாட்டிக்கொண்டது. பட்டிக் காவலருக்குச் சாவிக்கொத்து என்று பட்டப்பெயர். பதிவேட்டுப் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது வேற மாடும்மா. சாயங்காலம் ஏலத்துக்குப் போயிடும்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "அழகு பாக்கிற மூஞ்சியப் பாரு! அது கறந்துதான்டா என் வீட்ல அடுப்பு எரியுது. போச்சுன்னா உன்னத்தான் கட்டிப்போட்டுக் கறக்கணும்."

"இப்பவே சரியா வரைஞ்சு தரேன் சார்" என்றேன்.

"பாத்து வரைஞ்சா எந்த மாடும் உங்களுதுதான். இங்கயே உக்காந்து, அந்தம்மா சொல்லச் சொல்ல வரைங்க."

பசு பின்கொட்டகையில் இருந்தது. அக்கா என் தோளுக்கு மேல் குனிந்துகொண்டாள். "கொம்பத் தொங்கவிடு. இன்னும். முதுகு நடுவுல குழி. வயித்த ஏன்டா உள்ள இழுக்கிற? காதுல கிழிசல் எங்க?"

ஆயுளில் முதல்முறையாக ஓர் அவலட்சணத்தை அப்படியே இறக்கி வைத்தேன். சாவிக்கொத்து தாளோடு கொட்டகைக்குள் போனார். கன்று கத்துவது கேட்டது. பிறகு அவர் கத்துவது கேட்டது.

வெளியே வந்தபோது அவர் பிடித்திருந்த தாளை முட்டி முட்டிச் சப்பிக்கொண்டே கன்றும் கூட வந்தது. அதன் வாயெல்லாம் பென்சில் கரி, ஓரத்தில் லேசாக நுரை. நுரை எப்படி வந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

அவர் தாளைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். நான் வரைந்த நான்கு காம்பில் மூன்று நனைந்திருந்தன.

"ஏம்மா, இந்த ஒண்ண மட்டும் கன்னு தொடவே இல்லையே?"

"அதுல பால் வராதுங்க, கன்னு போட்டதுலேருந்தே. உங்களுக்கு யார் சொன்னா?"

அவர் சாவியைத் தேடினார். பசு வெளியே வந்தது. கன்றுதான் தகராறு பண்ணியது. நிஜத் தாயை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மறுபடி தாளுக்கே போயிற்று. மூன்று பேர் சேர்ந்து இழுத்துத்தான் பட்டி வாசலைத் தாண்டினோம்.