ஜினிஷா இடித்தது

செல்லத்தாய் அக்காவை ஜினிஷா இடித்துவிட்டது என்று ஊர் முழுக்கப் பேச்சு. ஜினிஷா நான்தான். இடித்த நேரத்தில் நான் மார்த்தாண்டத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ நகைக்கடைக்காரரின் பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். இடித்தது பாறை ஏற்றிப்போன டாரஸ் லாரி. அதன் கண்ணாடிக்கு மேலே மஞ்சள் எழுத்தில் பெரிதாகவும், முன் பம்பரில் சிறிதாகவும் என் பெயர் எழுதியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் லாரியை நம்பர் சொல்லி யாரும் பேசமாட்டார்கள். முதலாளி வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லித்தான் பேசுவார்கள். "ரேஷ்மி செக்போஸ்ட்ல கிடக்கா", "ஜினிஷாவுக்குப் பின்னாடி லைட் எரியல்ல" என்று டீக்கடையில் ஆண்கள் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டபடி பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன்.

அந்த லாரி அப்பா எனக்குத் தந்த பரிசாம். ஆர்.சி. புத்தகமும் என் பெயரில்தான். அப்பா செல்வதாஸ் குவைத்தில் இருக்கிறார், இங்கே வந்து கையெழுத்துப் போட முடியாது. அம்மா பேரை எழுதவே தடுமாறுவாள். குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் படியேறியவள் நான். "படிச்ச பிள்ள இருக்குல்லா, அது போடட்டும்" என்றார்கள். பி.காம். முடித்த கையால் நான் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான். அதன் பிறகு அந்த லாரி என்ன ஏற்றியது, எங்கே போனது, யார் ஓட்டினார்கள் என்று எவனும் என்னிடம் சொன்னதில்லை. எல்லாம் அம்மாவின் தம்பி ஆன்றோ மாமாவின் கையில்.

வேலை நேரம் போக அப்பாவின் மீதிப் பொழுது வாட்ஸ்அப்பில் கழியும். குடும்பக் குரூப்பில் காலையில் வேத வசனம் போடுவார், அதற்குக் கீழேயே அரசியல். எலெக்‌ஷன் வந்தால் அம்மா எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று குவைத்திலிருந்து வாய்ஸ் வரும். சித்தப்பாக்கள் எல்லாம் கைகூப்பும் பொம்மை போடுவார்கள். "நம்ம மலைய உடச்சு அடுத்த ஸ்டேட்டுக்குக் கொண்டு போறானுவ, கேக்க ஒரு நாதியில்ல. எல்லாக் கட்சியும் கள்ளனுவ, கேட்டியா?" என்று ஒரு நாள் தொண்டை கிழியப் பேசி அனுப்பியிருந்தார். நான் கேட்டேன்: "அப்பா, நம்ம வண்டியில என்ன போவுது? பஞ்சுமிட்டாயா?" அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "ஏட்டி, அப்பனப் பாத்து இப்பிடியா கேப்பாவ?" என்று என் தோளில் ஒன்று வைத்தாள். மறுநாள்தான் அப்பாவின் பதில் வந்தது. "நாம ஓட்டலேன்னா இன்னொருத்தன் ஓட்டுவான் மக்கா. சிஸ்டம் சரியில்ல."

எல்லாவற்றுக்கும் மேலே அந்த சிக்னல் வீடியோக்கள். குவைத்தில் ஏதோ ஒரு நாற்சந்தி. சிவப்பு எரிகிறது. வண்டிகள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கின்றன. நடக்கிறவர்களும் நிற்கிறார்கள். பச்சை மனிதன் எரிந்ததும் தாண்டுகிறார்கள். பின்னால் அப்பாவின் குரல்: "கண்டியா? ஒருத்தன் தாண்டல்ல. லைசென்ஸ் இல்லாம ஓட்டினா ராஜா மகனானாலும் உள்ள போவான். நம்ம நாட்டுல மனுசனுக்கு உயிருன்னா மயிரு." ஒரு பொம்பளை தனியாக நடந்து போவது தெரிந்தால் அதைத் தனியாக எடுத்து எனக்கு அனுப்புவார். எங்கள் பஸ் ஸ்டாப்பில் என்னை உரசிக்கொண்டு நிற்கிறவனைப் பற்றி நான் சொன்னபோது மட்டும், "நீ கொஞ்சம் முன்னாடி வீட்டுக்கு வரப் பாரு" என்றார். அத்தோடு முடிந்தது பொதுமக்கள் பாதுகாப்பு.

பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் கனரக வண்டி ஓடக்கூடாது என்று எங்கள் ரோட்டில் போர்டு வைத்திருக்கிறார்கள். ஜினிஷா அந்த நேரத்தில்தான் வந்தது. டிரைவர் கிருஷ்ணமணி அண்ணனுக்குக் காய்ச்சல். லோடு தங்கிவிடக்கூடாது என்று ஆன்றோ மாமாவே எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். மாமாவிடம் இருப்பது கார் ஓட்டுகிற லைசென்ஸ். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிற செல்லத்தாய் அக்கா, எடுத்த பாலைத் தலையில் வாளியோடு வைத்துக்கொண்டு, அதை ஷீட்டாக அடிக்கிற புரைக் கொட்டகைக்குப் போக ரோட்டைத் தாண்டியிருக்கிறாள். வளைவில் திரும்பிய வேகத்தில் வண்டி நிற்கவில்லை. பாலும் ரத்தமும் ரோட்டில் ஒன்றாக ஓடியதைச் சிலர் வீடியோ எடுத்து எனக்கே அனுப்பினார்கள். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது காலை முட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மாமா பேச்சிப்பாறைக்கு மேலே ஏதோ எஸ்டேட்டில் ஒளிந்துகொண்டார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எனக்கு ஆள் வந்தது. வண்டிக்கு உரிமையாளர் நான். அந்த நேரத்தில் ஓட்டியது யார் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதற்கான பதிலும் எனக்கு முன்பே தயாராக இருந்தது. கிருஷ்ணமணி அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். காய்ச்சல் இன்னும் விடவில்லை, கண் சிவந்திருந்தது.

"எனக்க பேர எழுதிரு மோளே. முன்னாடி வேலைபாத்த எடத்துலயும் ரெண்டு தடவ நான்தான் ஏத்துக்கிட்டேன். ஜாமீன் உடனே கெடைக்கும். பழகிப்போச்சு."

"செய்யாத காரியத்துக்குக் கேஸ் வாங்குறதுக்கு உங்களுக்கு வெக்கமா இல்லியா அண்ணே?"

"வெக்கப்பட்டா வண்டி ஓட்ட முடியுமா பிள்ளே?" என்று சிரித்தார். அம்மா அவருக்குப் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து கொடுத்தாள். சீனி போதுமா என்று வேறு கேட்டாள்.

அப்பா போன் செய்தார். வாய்ஸ் நோட்டில் உறுமுகிற அந்தக் குரல் இல்லை. கூட இருக்கிறவர்கள் தூங்குவது போலப் பைய பேசினார்.

"கிருஷ்ணமணின்னு எழுதிக் குடு மக்கா. எல்லாம் பேசியாச்சு."

"அங்க லைசென்ஸ் இல்லாம ஓட்டினா என்ன செய்வாவ அப்பா?"

"பிடிச்சு உள்ள போடுவாவ. பொறவு நாட்ட விட்டு ஏத்தி விடுவாவ."

"அப்ப ஆன்றோ மாமாவ?"

"அது அவியளுக்க நாட்டுச் சட்டம். நம்ம ஊருல அப்பிடி நடக்குமா?"

"நீங்கதான நடக்கணும்னு டெய்லி கத்துவிய."

அப்பா சொல்ல ஆரம்பித்தார். அவர் வேலை பார்த்த கம்பெனியின் அரபி முதலாளி அதை இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டான். அங்கே தங்குவதற்கான அட்டை, இக்காமா, புதுப்பிக்கவில்லை. ஒரு ஆபீசுக்குப் போனால் பழைய முதலாளியின் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். அவன் போனை எடுப்பதில்லை. இன்னொரு ஆபீசில் கம்ப்யூட்டரில் அப்பா வேலையை விட்டு ஓடிப்போனவர் என்று காட்டுகிறதாம். ஓடிப்போகவில்லை, இதோ நிற்கிறேன் என்று கவுண்டரில் நின்றே சொல்லியிருக்கிறார். ஓடிப்போனவன் இங்கே நிற்கக்கூடாது, கிளம்பு என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது தெருவில் செக்கிங். பிடித்தால் கொண்டுபோய் அடைப்பார்கள்.

"இந்த நாலாம் மாடிய விட்டு நான் ரோட்டுல இறங்கி எட்டு மாசமாச்சு மக்கா. கூட உள்ள பயலுவ சோறு கொண்டு வாறானுவ. வெறுங்கையோட வந்து நிண்ணா அந்த வண்டிதான் எனக்கு உண்டு. ஆன்றோ பேர நீ எழுதினா நட்டஈட்டுக்கு வண்டியும் போவும், கேட்டியா?"

போனை வைத்ததும் சிக்னல் வீடியோக்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். முந்தியவை எல்லாம் ரோட்டில் நின்று எடுத்தவை. ஆட்களின் தோள் தெரியும், செருப்புச் சத்தம் கேட்கும். பிந்தியவற்றில் எல்லாமே மேலிருந்து தெரிந்தன. ஓரத்தில் ஜன்னல் கம்பியின் நிழல். தலைகள் மட்டும் பொட்டுப் பொட்டாகத் தாண்டிப் போகின்றன. சட்டம் இருக்கிற நாட்டில், சட்டத்துக்குப் பயந்து நாலாம் மாடியில் பதுங்கிக்கொண்டு, அதே சட்டத்தை எனக்குப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். பாவம் என்று நினைக்கப் பார்த்தேன். நினைக்கவும் செய்தேன். அந்தப் பாவத்துக்குள்ளும் அறுத்தெடுத்த ஒரு கால் கிடந்தது.

அடுத்த நாள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையை எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லத்தான் போனேன். சொன்னால் அவளுக்கு ஒரு ஆறுதல், எனக்கும் ஒரு ஆறுதல் என்று மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. நான் நுழையும்போது இரண்டு கட்சிக்காரர்கள் அவளுடைய தலைமாட்டில் நின்று போட்டோ எடுத்து முடித்திருந்தார்கள். அதில் ஒருவருக்கு இரண்டு டாரஸ் ஓடுகிறது. அவர் என்னைப் பார்த்து, "அப்பா சொகமா இருக்காரா பிள்ளே?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

செல்லத்தாய் அக்காவின் கணவர் சுயம்புராஜ் அண்ணன் என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"கிருஷ்ணமணின்னே எழுதிக் குடு பிள்ளே."

"அண்ணே, ஓட்டினது—"

"எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். வக்கீல் பறஞ்சாரு, லைசென்ஸ் உள்ளவன் ஓட்டினாத்தான் இன்சூரன்ஸ்காரன் ஒழுங்கா தருவான், இல்லேன்னா கோர்ட்டுல வருசக்கணக்கா இழுப்பான்னு. உனக்க அப்பன்கிட்ட வாங்க முடியுமா? உனக்க நேர்மைய வச்சு இவளுக்குக் காலு முளைக்குமா?"

அலுவலகத்தில் எல்லாரிடமும் எடுத்தெறிந்து பேசுகிறவள் என்று எனக்குப் பெயர். அந்த வராந்தாவில், பினாயில் நாற்றத்தில், ஆரஞ்சுப் பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பினேன்.

உள்ளே செல்லத்தாய் அக்கா விழித்துத்தான் கிடந்தாள். ஆரஞ்சுப் பையைப் பார்த்தாள்.

"ஜினிஷா தள்ளிப் போட்டுது. இப்ப ஜினிஷா பழம் கொண்டு வருது. கொள்ளாம், நல்லாருக்கு."

"அக்கா..."

"நான் கண்டேன் பிள்ளே. போன காதுல வச்சுட்டு வந்தான் ஆன்றோ. என்னக் கண்டுட்டுதான் வந்தான். நிப்பாட்டுவான்னு நெனச்சேன். பழகின மொகம்லா." உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டாள். "போலீஸ் வந்துது, கட்சிக்காரன் வந்தான், வக்கீல் வந்தாரு. யாரு ஓட்டினான்னு எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல்ல."

"நீ சும்மா கிட" என்றார் சுயம்புராஜ் அண்ணன். அவள் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டாள். திரும்பும்போது இல்லாத காலையும் சேர்த்துத் திருப்பப் பார்த்தாள். போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது.

ஸ்டேஷனில் ரைட்டர் எனக்கு நாற்காலி போட்டார். படித்த பிள்ளை என்பதால் வெள்ளைத்தாளும் பேனாவும். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். மேற்படி வாகனத்தின் உரிமையாளராகிய நான் என்று தொடங்கி, தேதி, இடம், வண்டி எண் எல்லாம் எழுதினேன். "சம்பவ நேரத்தில் மேற்படி வாகனத்தை ஓட்டியவர்..." என்று அவர் இழுத்து நிறுத்தினார். நான் எழுதிக் கொடுத்ததை எஸ்.ஐ. வாங்கிப் படித்தார். அவர் மதுரைப் பக்கத்துக்காரர்.

"ஏம்மா, என்னம்மா இது? 'ஓட்டியவரை நேரில் பார்த்தவர் செல்லத்தாய். அவரிடம் கேட்கவும்'? நீ எங்களுக்கு வேலை சொல்றியா?"

"கேட்டீங்களா சார்?"

"அந்தம்மா மயக்கத்துல இருந்தாங்கன்னு ஏற்கனவே எழுதியாச்சு."

"இப்ப முழிச்சிருக்காவ. நல்லா பேசுறாவ."

"எல்லாரும் ஒத்துக்கிட்ட விஷயத்துல உனக்கு மட்டும் என்னம்மா?" அவர் கோபப்படவில்லை. சலித்துக்கொண்டார், அவ்வளவுதான். தாளைக் கசக்கிக் காலடிக் கூடையில் போட்டுவிட்டு, புதுத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். "டீ குடிச்சுட்டு நிதானமா எழுது. பேரை மட்டும் எழுது."

தாளைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். பிடித்துக்கொண்டு வந்த பைக்குகளுக்கும் மணல் வண்டிகளுக்கும் நடுவில் ஜினிஷா நின்றது. பக்கத்தில் போகப்போக நாற்றம். பம்பரிலும் அதற்குக் கீழேயும் தெறித்த ரப்பர் பால் காய்ந்து, ஒட்டுப்பாலாகத் தோல் பிடித்து, பழுப்பேறி அழுகிய வாடை அடித்தது. பம்பரிலிருந்த என் பெயரின் மூன்றெழுத்தில் நடு எழுத்தை அது முழுசாக மூடியிருந்தது. கையிலிருந்த போன் அதிர்ந்தது. அப்பா. வீடியோ. நாலாம் மாடியிலிருந்து எடுத்தது, சிவப்பு எரிகிறது, ஆட்கள் நிற்கிறார்கள். இந்தத் தடவை பின்னால் குரல் எதுவும் இல்லை.

"ஏம்மா ஜினிஷா, எழுதியாச்சா?" என்று உள்ளேயிருந்து ரைட்டர் கூப்பிட்டார்.

எழுதாத தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒட்டுப்பாலின் ஓரத்தை நகத்தால் நெம்பி இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். அறுபடாமல் என் முகம் வரைக்கும் நீண்டு வந்தது. விட்டதும் சொடுக்கென்று போய் என் பெயரின் மேலேயே திரும்ப ஒட்டிக்கொண்டது. மறுபடியும் பிடித்து இழுத்தேன்.