பக்கத்து சீட்டுக்கும் ஒரு பெல்ட்

"பின்சீட்ல உட்காரும்மா, பெல்ட் போடு, வண்டி நம்பரைப் படம் எடுத்து அனுப்பு" என்று ஹோபார்ட்டிலிருந்து மகள் ஜோடி போனில் மூச்சுவிடாமல் சொன்னபோது நோலீனுக்குச் சிரிப்புதான் வந்தது. அவள் இருக்கும் கோர்மன்ஸ்டன் மலையூருக்கு வருவது ஒரே டாக்சி. அதை ஓட்டும் டாரில் அவளோடு பள்ளியில் படித்தவன். போதாக்குறைக்கு, தனியாகப் போகிறவள் பின்சீட்டில் ஏறினால், டிரைவரை வேலைக்காரனாக நினைக்கிறாள் என்று ஊரே வாய் வலிக்கப் பேசும்.

ஆனால் அந்த முன்சீட்டில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அது புருஷன் கிளெம்மின் இடம். "வாயை மூடிக்கிட்டு வா" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் அவன் சொல்வான். கல்யாணமான நாளிலிருந்து அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே போய் வந்தாள். போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அதே சீட்டில்தான் அவன் மூச்சு நின்றது. அவளுக்கு அழுகை வரவில்லை. நிம்மதிதான் வந்தது, அது அவளைப் பயமுறுத்தியது. இன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரேயடியாக மகளிடம் போகிறாள். கீழே குவீன்ஸ்டவுனில் பஸ்ஸைப் பிடித்துவிட்டால் போதும்.

மூடுபனிக்குள்ளிருந்து டாக்சி வந்து நின்றது. டாரில் பெட்டியை டிக்கியில் வைப்பதற்குள் அவள் முன்கதவைத் திறந்தாள். காலிச் சீட்டின் குறுக்கே பெல்ட் மாட்டியிருந்தது.

"பின்னாடி உட்காரு நோலீன்."

"ஏண்டா, அவ்வளவு பெரிய மனுஷன் ஆயிட்டியா? உன் பக்கத்துல உட்காரக் கூடாதா நான்?"

"அதில்லடி, அதுல ஒரு கோளாறு. பெல்ட்டைக் கழட்டினா கத்திக்கிட்டே இருக்கு."

"ஆள் உட்கார்ந்து பெல்ட் போடலைன்னாதானே கத்தும்?"

"ஆமா." டாரில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மெக்கானிக் பிரிச்சுப் பார்த்துட்டான், ஒண்ணுமில்லைங்கறான். கிளெம்மைக் கூட்டிட்டுப் போனதுல இருந்துதான் இப்படி."

திரும்பி வீட்டுக்குள் போய்விடலாம் என்றிருந்தது அவளுக்கு. அந்த வீடு இன்னும் மோசம். பின்னால் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

மரமில்லாத மலையைச் சுற்றிச் சுற்றிப் பாதை இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் முன்சீட்டு பெல்ட், தொந்தியை அழுத்துவது போல இறுகித் தளர்ந்தது. பேச்சுக்கொடுத்தால் தேவலை என்று நினைத்தானோ என்னவோ, டாரில் கேட்டான்.

"அப்போ ஹோபார்ட்டுக்கு ஒரேயடியாவா?"

"ஒரேயடியாத்தான். இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

சொல்லி வாயை மூடவில்லை. முன்னால் 'க்ளிக்' என்றது. பெல்ட் தானாகவே அவிழ்ந்து சரசரவென்று மேலே சுருண்டது. அடுத்த நொடி வண்டி கத்த ஆரம்பித்தது.

"நோலீன், பெல்ட் போட்டிருக்கேல்ல?"

"போட்டிருக்கேன்டா!"

டாரில் எதிரே மின்னிய விளக்கைப் பார்த்தான். அவன் குரல் இறங்கிப்போனது. "முன்சீட் இல்ல. பின்னாடி. உன் பக்கத்துல."

அவள் பக்கத்து சீட்டின் மெத்தை மெல்ல அமுங்கியது. கிளெம் சுருட்டிப் பிடிக்கும் புகையிலை நாறியது. உயிரோடிருந்தவரை ஒருநாளும் பக்கத்தில் வந்து உட்காராதவன்! இவன் பஸ்ஸிலும் ஏறுவான். மகள் வீட்டுச் சோபாவிலும் உட்காருவான். அந்த நினைப்புதான் நோலீனுக்குத் தாங்கவில்லை.

அவள் எட்டி, அந்தப் பக்கத்து பெல்ட்டைப் பிடித்து, காலி இடத்தின் குறுக்கே இழுத்தாள். கனமாக எதையோ சுற்றிக்கொண்டுதான் அது வந்தது. அழுத்தி மாட்டினாள். வண்டி அமைதியானது.

குவீன்ஸ்டவுன் பஸ் நிலையத்தில் வண்டி நின்றது. பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு டாரில் பின்கதவுக்குள் கையை விட்டான்.

"இதைக் கழட்டி விட்டுடறேன்."

"தொடாதே!" அவள் கதவைச் சாத்தினாள். "அப்படியே ஓட்டிக்கிட்டுப் போ, டாரில். எனக்காக."

பஸ் கிளம்பியபோது அவள் டிரைவருக்குப் பக்கத்து வரிசையில் முதல் சீட்டில் இருந்தாள். முன்னால் போய்க்கொண்டிருந்த டாக்சியின் பின்கண்ணாடி வழியே அந்த பெல்ட் தெரிந்தது. அவள் பக்கமாக இழுத்து இழுத்துத் துடித்தது. அவள் கையால் மாட்டிய கொக்கி மட்டும் பிடி விடவில்லை.