ஐந்து மிஷினுக்கு ஒரு பிரிண்டர்

வயர்காரருக்கு, கம்ப்யூட்டர்களுக்கு வயர் இழுக்கும் அந்த வேலை கிடைத்தது மச்சினியின் சிபாரிசில்தான். "எங்க அத்தான் லைன் போட்டா, சுவரைத் தடவிப் பார்த்தாத்தான் சார் வயர் இருக்கிறதே தெரியும்" என்று அவள் மூன்று வாரமாகத் தன் ஆபீஸ் மேனேஜர் காதில் ஓதிக்கொண்டே இருந்தாள். தொல்லை தாங்காமல் அவரும் ஒருநாள், "சரிம்மா, கூட்டிட்டு வா உங்க அத்தானை" என்று இறங்கி வந்தார். வயர்காரருக்கு இரண்டு மாதமாகச் சொல்லிக்கொள்ளும்படி வேலை எதுவும் வரவில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

அது லாரியில் சரக்கு அனுப்பும் ஆபீஸ். ஒரு நீள ஹால், கடைசியில் கண்ணாடிக் கதவு போட்ட மேனேஜர் அறை. மொத்தம் ஐந்து கம்ப்யூட்டர், ஒரே ஒரு பிரிண்டர். அந்தப் பிரிண்டர் மச்சினியின் மேஜையில் இருந்தது. மற்றவர்கள் சரக்குச் சீட்டைத் தயார் செய்து, பென் டிரைவில் ஏற்றி, அவள் மேஜை முன்னால் வந்து நிற்பார்கள். ஒருவர் பென் டிரைவை பைக் சாவியோடு கோத்திருந்தார், இன்னொருவர் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவள் வாங்கிச் சொருகி, அச்செடுத்து, எடையும் ஊர்ப் பெயரும் சரியா என்று ஒரு பார்வை ஓட்டி, சீல் குத்திக் கொடுப்பாள். அவள் சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் அவள் பிரிண்டக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவரான, தடிக்கண்ணாடி போட்ட கிளார்க்கும்கூட அப்படித்தான் கூப்பிட்டார். பதிலுக்கு அவள் அவரைச் சோடாபுட்டி என்றாள்.

காலையில் வயர்காரர் ஹாலை அளந்து, எட்டு வாய் வைத்த சின்னப் பெட்டியை எங்கே மாட்டுவது என்று பார்த்துவிட்டு, மேனேஜர் அறைக்குப் போய் விளக்கினார். ஐந்து மிஷினிலிருந்தும் வயர் அந்தப் பெட்டிக்கு வரும், பிரிண்டர் இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், அதை எல்லோருக்கும் பொதுவாக்கிவிடலாம், அவரவர் சீட்டிலிருந்தே அச்சுக்கு அனுப்பலாம்.

மேனேஜர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார். "அந்த மேஜையில மிஷின் ஓடிக்கிட்டு இருக்கணும், இல்லையா?"

"ஆமா சார். அது ஆஃப் ஆச்சுன்னா யாருக்கும் பிரிண்ட் வராது."

"ஆள்?"

"ஆள் வேண்டாம் சார். மிஷின் ஓடினா போதும்."

தொழில் தெரிந்தவன் சொல்லும் பதில்தான். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். சொல்லி முடித்து, மேனேஜர் முகத்தைப் பார்த்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவருக்கு உறைத்தது.

"அதைத்தான் கேட்டேன்" என்றார் மேனேஜர். "மேலிடத்துல ஒரு ஆளைக் குறைக்கச் சொல்லி ரொம்ப நாளா நச்சரிக்கிறாங்க. மாசக் கடைசியில நானே பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிறேன். நீங்க உறவுக்காரர், வாய் தவறிச் சொல்லிடாதீங்க. நமக்கு இன்னும் ரெண்டு கிளை இருக்கு. அங்கேயும் இதே மாதிரி போடணும். உங்களையே கூப்பிடலாம்னு இருக்கேன்."

வயர்காரர் "சரி சார்" என்றார். வேறு என்னவோ சொல்லத்தான் வாயெடுத்தார். வந்தது அதுதான்.

மச்சினியின் புருஷன் இரண்டு வருடத்துக்கு முன்னால் வேலைக்கு என்று வெளியூர் போனவன், திரும்பவில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டான். அவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து, ஹாலில் ஆறு மாதம் பாய் விரித்துப் படுத்தாள். வயர்காரர் முகம் சுளித்ததில்லை. ஆனால் விடியற்காலையில் அவர் தண்ணீர் குடிக்க எழுந்து வரும்போதெல்லாம் அவள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, பாயைச் சுருட்டத் தொடங்குவாள். படுத்துக்கோம்மா என்றாலும் கேட்கமாட்டாள். இந்த வேலை கிடைத்த மறுமாதமே இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறை ஒன்றைப் பிடித்துப் போய்விட்டாள். போன அன்று, "உள்ளேருந்து தாழ்ப்பாள் போட்டுக்கலாம் அத்தான்" என்று அவள் சொன்னது, ஏதோ பங்களா வாங்கிய மாதிரி இருந்தது.

இதெல்லாம் மனசில் ஓட, வயர்காரர் சுவரோரமாக வயர் மறையும் பட்டைக்குழாய் அடித்தார். வயர் இழுத்தார். ஒவ்வொரு வயருக்குள்ளும் எட்டு இழை. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம் என்று வரிசை பிசகாமல் முனையில் செருகி இறுக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற வரிசை. அன்று இரண்டு முனைகளைத் தப்பாகப் போட்டு வெட்டியெறிந்தார்.

"என்ன அத்தான், வரிசை தப்புது? அக்கா காலையில ஏதாவது அர்ச்சனை பண்ணாளா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா."

"மூணாவது தடவை கேட்டாச்சு. மூணாவது தடவையும் வேண்டாம். ஆபீஸ் டீ அத்தானுக்கு ஆகாது போல, பெரிய கான்ட்ராக்டர் ஆயிட்டாரு" என்று சோடாபுட்டியிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு குனிந்து, அவர் கீழே போட்ட வயர்த் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். அவள் தலை அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அவள் நிமிர்ந்து, "இனிமே யாரும் என் மேஜை முன்னாடி க்யூவில நிக்க வேண்டாம், இல்ல?" என்று கேட்டாள். "ஆமா" என்றார். அந்த நேரமும் போய்விட்டது.

மூன்று மணிக்கெல்லாம் பெட்டியில் ஐந்து பச்சை விளக்குகளும் எரிந்தன. வயர்காரர் மச்சினியின் நாற்காலியில் உட்கார்ந்து பிரிண்டரைப் பொதுவில் விட்டார். மற்ற மிஷின்களிலும் அதைச் சேர்த்துவிட்டு வந்து, "எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் அனுப்பிப் பாருங்க" என்று குரல் கொடுத்தார்.

முதல் தாள் வந்தது. மச்சினி எடுத்தாள். "'சோதனை சோதனை'ன்னு அடிச்சிருக்கிறது யாரு? சோடாபுட்டியா? வேதனைன்னும் ஒண்ணு சேர்த்துக்குங்க, பொருத்தமா இருக்கும்." ஹாலில் சிரிப்பு எழுந்தது. இரண்டாவது, மூன்றாவது தாள்களும் வந்தன. நாலாவதற்குப் பிரிண்டர் உறுமிவிட்டு நின்றது. தட்டில் பேப்பர் இல்லை.

"இருங்க, நான் வைக்கிறேன்" என்று அவள் அலமாரிப் பக்கம் போனாள்.

அச்சுக்குக் காத்திருக்கிறவற்றின் பட்டியல் திரையில் திறந்தே இருந்தது. வயர்காரர் அதைப் பார்த்தார். மூன்று வரிகள். மூன்றும் மேனேஜர் மிஷினிலிருந்து வந்தவை, மூன்றுக்கும் ஒரே பெயர்: 'பிரிண்டக்கா ரிலீவிங் லெட்டர்.'

மேனேஜர் எந்தக் கோப்பு மேலே திறந்திருக்கிறது என்று பார்க்காமலே பொத்தானை அழுத்துகிறவர். தாள் வரவில்லை என்றதும் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார். வயர்காரர் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். உள்ளே அவர் போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

மூன்று வரிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு கேன்சல் கொடுத்தார். கடைசி இரண்டும் உடனே மறைந்தன. முதல் வரி மறையவில்லை. அதன் பக்கத்தில் 'நீக்கப்படுகிறது' என்று வந்து, அப்படியே நின்றது. அது ஏற்கெனவே பிரிண்டருக்குள் போய்விட்டது. அது அவருக்குத் தெரிந்ததுதான், நூறு ஆபீஸில் பார்த்ததுதான். ஒரே வழி மின்சாரத்தைப் பிடுங்குவது. பிளக் மேஜைக்கு அடியில், அவர் காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பிடுங்கினால் ஏன் என்று கேட்பாள். என்ன சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் வந்து, தாள்கட்டைத் தட்டிச் சீராக்கித் தட்டில் வைத்து மூடினாள்.

பிரிண்டர் மறுபடி உறுமியது. தாள் வந்தது.

"இது யாருது?" என்று வழக்கம்போல எடுத்து, வழக்கம்போல முதல் வரியைச் சத்தமாகப் படித்தாள். "'தங்களை இம்மாத இறுதியுடன் பணியிலிருந்து விடுவிப்பதென...' யாருப்பா அது பாவம்..." குரல் இறங்கியது. உதடு மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தது. தன் சொந்தப் பெயரை அந்த ஆபீஸ் தாள் ஒன்றில் அவள் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தாள். சோடாபுட்டி எழுந்து நின்றார், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்.

அவள் மேனேஜர் அறையைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள்.

"அத்தான், இந்த 'நீக்கப்படுகிறது' நீங்க அழுத்தினதா?"

"நீ இப்படித் திடீர்னு பார்க்கக் கூடாதுன்னுதான்மா..."

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"காலையிலதான் சொன்னாரு."

"காலையிலேருந்து மூணு தடவை டீ வேணுமான்னு கேட்டிருக்கேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கணக்கு சரிபார்க்கிறவள் மாதிரி சொன்னாள். "மூணு தடவையும் என் முகத்தைப் பார்த்துத்தான் வேண்டாம்னீங்க."

"நம்ம வீடு இருக்கும்மா. அக்கா இருக்கா. உன்னை அப்படியே விட்டுடுவோமா?"

"ஹால் இருக்கு" என்றாள். "தெரியும். வர மாட்டேன். மகளுக்குப் பத்து வயசு ஆகப்போகுது அத்தான். அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். சொல்லாம இருக்கத்தான் உங்களுக்கு நல்லா வருதே."

வயர்காரர் எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டார். அவள் உட்காரவில்லை.

வேலை முடிந்ததற்கு ஒரு தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். அவரே தயார் செய்து கொண்டுவந்த தாள். கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து மேனேஜரிடம் நீட்டினார். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "பிரிண்ட் செக் பண்ணது அவங்கதானே? அவங்ககிட்டயே வாங்கிட்டு எடுத்துட்டு வாங்க" என்றார்.

மச்சினி மறுக்கவில்லை. தாளை வாங்கி நின்றபடியே எழுதினாள். கையெழுத்துப் போட்டாள், தேதி போட்டாள். கீழே குறிப்பு என்று காலியாக விட்டிருந்த இடத்தில் ஏதோ எழுதினாள். ஒரு அட்டைக்குள் அந்தத் தாளையும், அடியில் இன்னொரு தாளையும் வைத்து அவர் கையில் கொடுத்தாள். மேனேஜருக்குப் போகும் தாள் எதுவானாலும் அட்டைக்குள் வைத்துத்தான் அனுப்புவாள், அதில் அன்றும் குறை வைக்கவில்லை. பிறகு தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, மணி நாலுகூட ஆகாத அந்த வெயிலில் வாசல் படியிறங்கிப் போனாள்.

மேனேஜர் அட்டையைத் திறந்து குறிப்பை வாய்விட்டுப் படித்தார். "'ஐந்து மிஷினிலிருந்தும் பிரிண்ட் நன்றாக வருகிறது. கேன்சல் மட்டும் வேலை செய்யவில்லை.' என்னங்க இது, அதையும் சரி பண்ணிக் கொடுத்துட்டுப் போயிடுங்களேன்" என்று சொல்லிக்கொண்டே அடித்தாளைப் புரட்டினார். அது அவர் அடித்த விடுவிப்புக் கடிதம்.

"சொல்லிட்டீங்களா?" என்றார்.

"நான் ஒரு வார்த்தையும் சொல்லலை சார்" என்றார் வயர்காரர்.

அது உண்மை. மேனேஜர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், நம்பினார். தாளை மடித்து மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

"நல்லது. திங்கட்கிழமை அந்த ரெண்டு கிளையையும் போய் அளந்துட்டு வந்துடுங்க. அங்கேயும் இதே மாதிரிதான், பிரிண்டர்கிட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாங்க."

வயர்காரர் தலையாட்டினார்.